158 புளியங்கொட்டைகளும் ஒரு கடலும்... மில் ஷிப்ட்டுக்கு நடுவே ஓர் ‘அயர்ன்மேன்’ கனவு!

விடிந்தும் விடியாத நேரம். திண்டுக்கல்லுக்கு வெளியே, வத்தலக்குண்டு சாலையிலிருந்து உள்ளே தள்ளி ஒரு தோட்டத்துக் கிணறு. படிக்கட்டில் ஒரு கிண்ணம் நிறைய புளியங்கொட்டை. தண்ணீருக்குள் ஒருவர் இந்தப் பக்கத்துக்கும் அந்தப் பக்கத்துக்குமாக நீந்திக்கொண்டிருக்கிறார். படியைத் தொடும்போதெல்லாம் கிண்ணத்திலிருந்து இரண்டு கொட்டையை எடுத்துக் கீழ்ப்படியில் போடுகிறார். போக ஒன்று, வர ஒன்று.

கிணற்றின் அகலம் 12 மீட்டர். அவர் நீந்த வேண்டியது 1.9 கிலோமீட்டர். வகுத்துப் பார்த்தால் 158 முறை. மனதுக்குள் எண்ணினால் நாற்பதைத் தாண்டியதும் குழம்பிவிடுகிறது என்பதால்தான் இந்தப் புளியங்கொட்டைக் கணக்கு. யோசனை, நான்காம் வகுப்பு படிக்கும் மகளுடையது.

அவருக்கு வயது 38. வேடசந்தூர் பக்கம் ஒரு நூற்பாலையில் ஷிப்ட் சூப்பர்வைசர். ஒரு வாரம் பகல், ஒரு வாரம் அரை நைட், ஒரு வாரம் முழு நைட் என்று மாறிக்கொண்டே இருக்கும் வேலை. “பேரெல்லாம் போட்றாதீங்க... மில்லுல ஏற்கெனவே ‘அயர்ன்மேன் அண்ணே’னு ஓட்டுறானுங்க” என்பது அவருடைய ஒரே நிபந்தனை.

நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றையும் நிறுத்தாமல் ஒன்றன்பின் ஒன்றாகச் செய்து முடிப்பதுதான் டிரையத்லான். 2000-ம் ஆண்டு சிட்னி ஒலிம்பிக்கிலேயே சேர்ந்துவிட்ட விளையாட்டு என்றாலும், இதன் பிரபலமான வடிவம் பிறந்தது ஒரு வெட்டிப் பேச்சில்தான். ஹவாயில் இருந்த அமெரிக்கக் கடற்படை அதிகாரி ஜான் காலின்ஸும் நண்பர்களும், ‘நீச்சல்காரன் பெரியவனா, ஓட்டக்காரன் பெரியவனா, சைக்கிள்காரன் பெரியவனா?’ என்று பேசிப் பேசி, மூன்றையும் ஒரே நாளில் வைத்துப் பார்த்துவிடலாம் என்று முடிவெடுத்தார்கள். 3.8 கிலோமீட்டர் நீச்சல், 180 கிலோமீட்டர் சைக்கிள், 42.2 கிலோமீட்டர் ஓட்டம். முதலில் வருபவருக்கு ‘அயர்ன்மேன்’ என்று பெயர். 1978 பிப்ரவரி 18-ம் தேதி 15 பேர் கிளம்பி 12 பேர் முடித்தார்கள். இரண்டாவதாக வந்தவருக்கு வழியில் தண்ணீர் தீர்ந்துபோக, உதவிக்கு வந்த நண்பர்கள் பீரைக் கொடுத்து ஓடவைத்தார்கள் என்பது இந்த விளையாட்டின் பழைய வேடிக்கைக் கதை.

நம்மவர் இலக்கு அதில் பாதி. 1.9 கிலோமீட்டர் நீச்சல், 90 சைக்கிள், 21.1 ஓட்டம். 2019 முதல் கோவாவில் இந்தப் போட்டி நடக்கிறது. எட்டரை மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும். அதற்குள்ளும் தனித்தனிக் கெடு உண்டு. கடலை விட்டு 1 மணி 10 நிமிடத்துக்குள் வெளியே வராவிட்டால் சைக்கிளைத் தொடவே விடமாட்டார்கள்.

இதெல்லாம் ஆசைப்பட்டு ஆரம்பித்ததில்லை, பயத்தில் ஆரம்பித்தது. அவருடைய அப்பா, திண்டுக்கல் பூட்டுத் தொழிலாளி. மாங்காய் பூட்டு செய்வதில் கைதேர்ந்தவர். சாவி போடும் சத்தத்தை வைத்தே உள்ளே எத்தனை லீவர் என்று சொல்லிவிடுவார். 20 வருடமாகச் சர்க்கரை. பட்டறையில் விழுந்து கிடந்த இரும்புத்துகள் காலில் குத்தியதுகூடத் தெரியாமல் புண்ணாகி, வலது கால் பெருவிரலை எடுக்க வேண்டியதாயிற்று. அதே மாதம் மில்லில் நடந்த மருத்துவ முகாமில் மகனுக்கும் ஹெச்பிஏ1சி பரிசோதனை. 6.3 என்று வந்தது. சர்க்கரை நோயின் வாசற்படி. “அப்பா கட்டுக்குத் துணி மாத்திக்கிட்டே அந்த ரிப்போர்ட்டைப் படிச்சேன்” என்கிறார். மறுநாள் மலைக்கோட்டையைச் சுற்றி நடக்க ஆரம்பித்தார். நடை ஓட்டமானது. முழங்கால் வலித்தபோது, உடன் ஓடிய ஒருவர் சைக்கிளைக் கை காட்டினார். கோயம்புத்தூரில் ஒருவரிடம் 45 ஆயிரத்துக்குப் பழைய ரோடு சைக்கிள். பாதி, தீபாவளி போனஸ். மீதி, மனைவிக்குத் தெரியாமல் எடுத்த சீட்டு. (சீட்டு விஷயம் மூன்று மாதத்தில் தெரிந்துபோனது. அந்த வாரத்தைப் பற்றி அவர் பேச விரும்பவில்லை.)

சைக்கிள் ஓட்டுகிறவர்களுக்குத் திண்டுக்கல் ஒரு நல்ல ஊர். ஏற்றம் வேண்டுமென்றால் சிறுமலை, 18 கொண்டை ஊசி வளைவுகள். சமவெளி வேண்டுமென்றால் ஒட்டன்சத்திரம் சாலை. ஆனால், ஆடி மாதத்தில் அந்தச் சாலையில் மேற்கே போய்ப் பார்க்க வேண்டும். பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் தென்மேற்குக் காற்று உடுமலை, பழநி எல்லாவற்றையும் தாண்டி வந்து முகத்தில் அறையும். போகும்போது வேகம் 17-ஐத் தாண்டாது, திரும்பும்போது மிதிக்காமலே 35. “ஆடிக் காத்துல அம்மி பறக்குதோ இல்லையோ, நம்ம திமிரு பறந்துரும்” என்று சிரிக்கிறார்.

ஓட்டத்துக்கு மில்லே பயிற்சி கொடுத்துவிட்டது. நூல் அறுந்துபோகாமல் இருக்க ஸ்பின்னிங் டிபார்ட்மென்ட்டில் எப்போதும் ஈரப்பதத்தை ஏற்றிவைத்திருப்பார்கள். அந்தப் புழுக்கத்தில் எட்டு மணி நேரம் ரிங் ஃப்ரேம்களுக்கு நடுவே நடக்கிற மனிதருக்குக் கடற்கரை வெயில் பெரிதாகப் படவில்லை. காசு செலவழித்துக் குளிரூட்டப்பட்ட ஜிம்மில் பயிற்சி எடுப்பவர்களுக்கு இந்த வசதி கிடையாதே!

மாட்டிக்கொண்டது நீச்சலில். சின்ன வயதில் முதுகில் சுரைக்குடுவையைக் கட்டிக் கிணற்றில் தள்ளிவிடப்பட்டவர்தான். ஆனால், அது தலையைத் தூக்கிக்கொண்டு கையால் துழாவும் நீச்சல். ஃப்ரீஸ்டைலில் முகத்தைத் தண்ணீருக்குள் வைத்து, பக்கவாட்டில் திரும்பி மூச்சு எடுக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமைகளில் மதுரை ரேஸ் கோர்ஸ் ஸ்டேடியம் நீச்சல் குளத்துக்கு பஸ் ஏறினார். மற்ற நாள்களில் கிணறு. ஆறு மாதத்தில் 158 கொட்டையும் கீழ்ப்படிக்கு வந்தன. நேரம் 58 நிமிடம். கெடுவுக்கு 12 நிமிடம் மிச்சம். தைரியமாக கோவாவுக்கு ரயில் ஏறினார்.

மீராமார் கடற்கரை. 15 நிமிடத்திலேயே ஏதோ தப்பாக இருப்பது தெரிந்துவிட்டது. கிணற்றில் 12 மீட்டருக்கு ஒருமுறை சுவரைக் காலால் உதைத்துத்தான் திரும்புவோம். ஒவ்வோர் உதைக்கும் இரண்டு மூன்று மீட்டர் இலவசமாகக் கிடைக்கும். 158 உதைகள்! கடலில் ஏது சுவர்? தவிர, கிணற்றில் நேராகப் போகிறோமா என்று பார்க்க வேண்டிய அவசியமே இல்லை. கடலிலோ மிதவையைப் பார்த்து நீந்த வேண்டும். அவர் வலதுபக்கம் மட்டுமே மூச்சு எடுத்துப் பழகியவர். கொஞ்சம் கொஞ்சமாக இடதுபக்கம் ஒதுங்கிப்போயிருக்கிறார். தலையைத் தூக்கிப் பார்த்தபோது மிதவை வேறெங்கோ தெரிந்தது. உப்புத் தண்ணீரைக் குடித்து, நெஞ்சு படபடத்து, சிறுவயது நாய் நீச்சலில் கரை சேர்ந்தபோது 1 மணி 16 நிமிடம்.

ஆறு நிமிடம். காலில் இருந்த நேரப் பட்டையை ஒரு தன்னார்வலர் கழற்றிக்கொண்டார். முந்தைய நாள் இரவு துடைத்துத் துடைத்து நிறுத்திய சைக்கிள், ஸ்டாண்டில் அப்படியே நின்றது.

வீட்டுக்கு போன் செய்தபோது மனைவி முதலில் கேட்டது, “உசுரோட இருக்கீங்கள்ல?” இரண்டாவது, “சாப்டீங்களா?” அதற்குப் பிறகுதான் அவர் அழுதிருக்கிறார்.

அடுத்த மூன்று மாதம் கிணற்றுப்பக்கமே போகவில்லை. மில்லில் “மெடல் எங்கண்ணே?” என்ற கேள்விக்கு “கூரியர்ல வரும்டா” என்று சமாளித்தார். முழு நைட் முடிந்து வந்து தூக்கம் வராத ஒரு காலையில், மொபைலில் ஒரு பழைய வீடியோ கண்ணில் பட்டது. 1982 பிப்ரவரி, ஹவாய் அயர்ன்மேன். ஜூலி மாஸ் என்ற 23 வயதுக் கல்லூரி மாணவி. வீராங்கனைகூட இல்லை, தன் கல்லூரி ஆய்வுக்காகப் போட்டியில் இறங்கியவர். பெண்களில் முதலாவதாக வந்துகொண்டிருந்தவர், முடிவுக்கோடு கண்ணுக்குத் தெரியும் தூரத்தில் உடம்பில் சக்தி வற்றிப்போய்ச் சரிகிறார். எழுகிறார், மறுபடி விழுகிறார். கேத்லீன் மெக்கார்ட்னி அவரைத் தாண்டிப் போய் ஜெயிக்கிறார். ஜூலி தவழ்ந்துபோய்க் கோட்டைத் தொடுகிறார். வித்தியாசம் 29 விநாடி. தொலைக்காட்சியில் அதைப் பார்த்துத்தான் மார்க் ஆலன் என்ற இளைஞர் இந்த விளையாட்டுக்கு வந்தார். ஹவாயில் வருடக்கணக்காகத் தோற்று, 1989-ல்தான் முதன்முறையாக ஜெயித்தார். பிறகு மொத்தம் ஆறு முறை சாம்பியன்.

“எனக்கு மார்க் ஆலன் கதையெல்லாம் பெருசா ஏறலை. அந்தப் பொண்ணு விழுந்ததுக்கப்புறம் சுத்தி அத்தனை பேர் பாக்குறாங்க, கூச்சப்படவே இல்ல. நான் மில்லுல பொய் சொல்லிட்டுத் திரியுறேனேனு இருந்துச்சு.” அன்று அரைமணி நேரம் மட்டும் தூங்கிவிட்டுக் கிணற்றுக்குப் போனார்.

இந்த முறை சுவரை உதைப்பதில்லை என்று முடிவு. சுவருக்கு முன்பே தண்ணீரிலேயே திரும்பிவிட வேண்டும். இடதுபக்க மூச்சு பழக இரண்டு மாதம். ஆறு நீச்சல் வீச்சுக்கு ஒருமுறை தலையைத் தூக்கி, கிணற்று மேட்டில் நிற்கும் வேப்பமரத்தைப் பார்ப்பது. விடுமுறை எடுத்து, ராமேஸ்வரம் போய் உப்புத் தண்ணீரிலும் பழகிவந்தார்.

இரண்டாவது கோவா. நீச்சல் 1 மணி 6 நிமிடம். சைக்கிளில் பஞ்சர், ட்யூப் மாற்ற 14 நிமிடம். ஓட்டத்தில் கடைசி ஐந்து கிலோமீட்டர் தொடைத் தசை பிடித்துக்கொள்ள, நடையும் ஓட்டமுமாக 8 மணி 17 நிமிடத்தில் கோட்டைத் தாண்டினார்.

மெடலை அப்பாவின் கையில்தான் முதலில் கொடுத்தார். பெரியவர் அதை வாங்கி, உள்ளங்கையில் எடை பார்த்து, நகத்தால் தட்டிக் காதருகே வைத்துக் கேட்டுவிட்டுச் சொன்னார்: “பித்தளை இல்லடா. துத்தநாகம் கலந்த வார்ப்பு. மேல பூச்சு.” ஆனாலும், அன்று பார்க்க வந்த எல்லோரிடமும் அதை எடுத்துக் காட்டியதும் அவர்தான். ஹெச்பிஏ1சி 5.6 ஆகியிருந்தது.

கதை இங்கே முடிந்திருந்தால் நன்றாகத்தான் இருந்திருக்கும். மூன்றே மாதத்தில், இருட்டோடு வத்தலக்குண்டு சாலையில் போய்க்கொண்டிருந்தபோது நாய் குறுக்கே வந்து, இடது காரை எலும்பு முறிந்தது. ஆறு வாரம் கை தொட்டிலில். அதே நேரம் அப்பாவின் இன்னொரு காலிலும் புண். ஆஸ்பத்திரி, மாமனார் கட்டு, புருஷன் கட்டு, பிள்ளையின் பள்ளிக்கூடம் என்று மனைவி ஒற்றை ஆளாக ஓடினார். பொழுதுபோக்கு விளையாட்டில் ஒருவர் ஓடும்போது வீட்டில் இன்னொருவர் கூடுதலாக ஓடுகிறார். அவருக்கு மெடல் எதுவும் கொடுப்பதில்லை. “போறதுல எனக்கு வருத்தமில்லைங்க. சொல்லிட்டுப் போகணும், வெளிச்சத்துல போகணும், மாசத்துல ரெண்டு ஞாயித்துக்கெழம வீட்ல இருக்கணும்” என்கிறார் மனைவி. அவர் போட்ட மூன்று நிபந்தனைகளும் ஒரு பழைய காலண்டரின் பின்பக்கம் எழுதப்பட்டு, ஃப்ரிட்ஜில் ஒட்டியிருக்கின்றன. சைக்கிளுக்குப் புதிதாக முன்விளக்கும் பின்விளக்கும் வாங்கிக் கொடுத்ததும் அவர்தான், அதே பழைய சீட்டுப் பணத்தில்.

எலும்பு கூடிவிட்டது. ஆனால், இடது கை இன்னும் முழுதாகத் தலைக்கு மேல் போகவில்லை. மறுபடி முதலிலிருந்து. மூன்றாவது போட்டிக்கு இன்னும் பணம் கட்டவில்லை. கட்டுவாரா என்றால், “மொதல்ல கை வரட்டும்” என்கிறார்.

பகல் ஷிப்ட் வாரம் இது. படியில் பாவாடையைச் சுருட்டிக்கொண்டு மகள் உட்கார்ந்திருக்கிறாள். கொட்டையை எடுத்துப் போடுவது இப்போது அவள் வேலை. அப்பாவுக்குக் கையை நீட்டினால் தோள் வலிக்கிறதாம். “அம்பத்தி ஒம்போது... அறுவது. ப்பா, போதும், மணி ஆச்சு!”

“இன்னும் ரெண்டு போடு பாப்பா” என்று குரல் மட்டும் தண்ணீரிலிருந்து வருகிறது.