பிறையும் பெட்டியும்

அருப்புக்கோட்டையில் நான் படித்த காலத்தில் எங்கள் இங்கிலீஷ் வாத்தியார் பிராக்கெட்டுக்கு ஒரு சோதனை வைத்திருந்தார். "உள்ளே இருப்பதை விரலால் மறைத்துக்கொண்டு படிடா. வாக்கியம் நொண்டாமல் நடந்தால் நீ போட்டது சரி." இதைவிட நல்ல இலக்கணத்தை நான் இன்றுவரை கண்டதில்லை.

ஏட்டுச் சுவடிகளில் இல்லாத குறி அது. நமக்கு அச்சோடு வந்தது. வளைந்ததைப் பிறை அடைப்பு என்கிறோம். 16-ஆம் நூற்றாண்டில் எராஸ்மஸ் என்ற ஐரோப்பியப் பண்டிதர் லத்தீனில் வைத்த பெயருக்கும் 'சின்ன நிலா' என்றே பொருள். எந்த ஊரிலிருந்து பார்த்தாலும் நிலா நிலாதானே! சதுரமாக இருப்பதைப் பகர அடைப்பு என்பார்கள். அதைக் கணக்கு வாத்தியாரின் சொத்து என்று நினைத்து நான் தொடாமலே இருந்துவிட்டேன்.

1974-இல் எனக்குச் சென்னையில் வேலை. திருச்சுழிப் பக்கம் எங்கள் கரிசல் காட்டில் மழை பொய்த்திருந்தது. குண்டாற்றில் மணல்தான் ஓடியது. மார்கழியில் ஐயாவிடமிருந்து ஒரு கார்டு வந்தது: "பருத்தி போச்சு. பொங்கலுக்கு நீ வர வேண்டாம்." அவ்வளவுதான். எனக்குச் சுருக்கென்றது. ரோஷத்தில் போகவில்லை. அடுத்த ஆடியில் ஐயா காலமாகிவிட்டார்.

"பஸ் சார்ஜுக்குக்கூட உன் கையில் காசு இருக்காதேன்னுதான் அப்படி எழுதியிருப்பார்" என்று அம்மா பிறகு சொன்னாள். அதைப் பிடித்துக்கொண்டேன். பல வருஷம் கழித்து ஒரு பத்திரிகையில் ஐயாவைப் பற்றி எழுதியபோது கார்டை இப்படி எடுத்துக் கொடுத்தேன்: "பொங்கலுக்கு நீ (வீண் செலவு) வர வேண்டாம்."

என்ன அன்பான தகப்பனார் என்று வாசகர்கள் எழுதினார்கள். வாத்தியாரின் சோதனையிலும் அது தேறியிருக்கும். அக்காதான் தகரப் பெட்டியிலிருந்து கார்டை எடுத்துவந்து முன்னால் வைத்தாள்.

"ஏந்தம்பி, இதில் இது இல்லையே? ஐயா எப்போ சொன்னார்?"

ஆங்கில நூல்களைப் புரட்டியபோதுதான் விளங்கிற்று. வளைவுக்குள் பேசுகிறவர் எழுதியவரே. இன்னொருவர் சொல்லை எடுத்துக் காட்டும்போது நடுவே நம் சொல் நுழைந்தால் சதுரம்தான் போட வேண்டும். 'இது அவர் கையெழுத்து அல்ல' என்பதற்கு அடையாளம். நானோ ஐயாவின் வாயில் என் சொல்லை வைத்து, அவரை விட்டே என்னை மன்னிக்கச் செய்திருக்கிறேன். (அம்மா சொன்னதுகூட ஊகம்தான்.)

இந்தத் தொகுதிக்குப் புரூப் வந்ததும் வளைவை அடித்துச் சதுரம் போட்டேன். அக்காவுக்குப் படித்துக் காட்டினேன்.

"பெட்டிக்குள்ளே வச்சாலும் அது ஐயா சொன்னதாகுமாடா?" என்றாள்.

பெட்டியையும் அடித்துவிட்டேன். அந்தக் கட்டுரையில் இப்போது கார்டில் உள்ளபடியே இருக்கிறது.