ஆறும்வரை காத்திருப்போம்

கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில், நயாகராப் பகுதித் தோட்டங்களில் விளையும் பீச்சுப் பழங்கள் ஆகஸ்ட் மாதத்தில் சந்தையை நிறைக்கின்றன. செப்டெம்பரில் அவற்றின் காலம் முடிவடைகிறது. யாழ்ப்பாணத்திலிருந்து இங்கு வந்து குடியேறிய எங்கள் இல்லத்திலும், மாத்தட்டில் அப்பழத்தை நிரப்பிச் சுடும் 'பை' என்னும் பண்டம் கோடை முடிவின் வழக்கமாகிவிட்டது.

பழங்களைக் கொதிநீரில் அரை நிமிடம் இட்டுக் குளிர்நீருக்கு மாற்றினால் தோல் எளிதில் கழலும். துண்டுகளோடு சீனி, தேசிக்காய்ச் சாறு, சோளமா ஆகியவற்றைச் சேர்க்கிறோம். கோதுமை மாவில் கலக்கும் வெண்ணெய் குளிர்ந்தே இருத்தல் வேண்டும். போறணையின் சூட்டில் அதிலுள்ள நீர் ஆவியாகி, மாவை அடுக்கடுக்காகப் பிரிக்கின்றது. பழச்சாறு தடித்துக் கொதிக்க ஏறத்தாழ 1 மணி நேரம் செல்லும்.

கடினமான பணி அதன் பின்னரே வருகிறது. சூட்டோடு வெட்டினால் சாறு வழிந்தோடிவிடும். அது இறுக 3 அல்லது 4 மணி நேரம் ஆறவிட வேண்டும்.

கடந்த கோடையில் அந்தக் காத்திருப்பு எங்களுக்குப் பெரும் பேறாயிற்று. மூத்த மகள் பல்கலைக்கழகம் செல்ல இரு நாட்களே இருந்தன. பயண ஆயத்தங்களிடையே பேசாது விட்டவற்றை அன்று அடுக்களையில் அமர்ந்து பேசினோம். தனிமைக்கு அஞ்சுவதாக அவள் கூறினாள். எங்கள் அச்சத்தையும் நாங்கள் மறைக்கவில்லை. அம்மம்மாவோ, "அடுத்த கோடையிலும் பீச் பழுக்கும், பிள்ளை" என்று அவள் தலையைத் தடவினார்.

பிள்ளைகளோடு பேச நேரமில்லை என்கிறோம். விரைவுபடுத்த இயலாத வேலையொன்றை அவர்களோடு சேர்ந்து செய்வோம். நேரம் தானே கிடைக்கும்.