நம்பர் இல்லாத மலை

கோத்தகிரியில் எங்களுக்குக் குறை ஒன்றுமில்லை. குழாயைத் திருகினால் தண்ணீர், கேஸ் அடுப்பு, வாசல் வரை பஸ். ஆனாலும் ஆடி பிறந்துவிட்டால் மூக்கு எதையோ தேடுகிறது. இலங்கையில் நாங்கள் விட்டுவந்த பதுளையில் அது கச்சான் காற்றின் காலம். மேற்கே மழையைக் கொட்டிவிட்டு, மலை தாண்டி ஊவாவுக்குள் இறங்கும்போது காற்று வறண்டிருக்கும். கொழுந்து குறையும், தேயிலையில் வாசம் ஏறும். உலகம் விலை கொடுப்பது அந்த வாசத்துக்கு. நான் ஏங்குவது தேயிலைக்கு மேலே கிடந்த புல்மேட்டின், எங்கள் பத்தனையின் வாசத்துக்கு. மானாப்புல்லைக் கசக்கினால் எலுமிச்சை மாதிரி எழுமே, அது.

தேயிலை மலைக்கு நம்பர் உண்டு. ஆட்களுக்குச் செக்ரோல் பதிவேட்டில் பேர் உண்டு. பத்தனைக்கு இரண்டும் கிடையாது. கங்காணி ஏறி வராத இடம் அது ஒன்றுதான். ஆளுயரப் புல், இடையிடையே நெல்லி மரங்கள், வருஷா வருஷம் தீயில் கருகி மறுபடி துளிர்த்துத் துளிர்த்து முறுக்கிப்போனவை. அம்மாவின் பழைய படங்குச் சாக்கை விரித்துச் சறுக்கினால் முழங்காலெல்லாம் கீறல். விடியலில் பாறை மேல் ஏறிக் கௌதாரி கத்தும். ஊவாப் பக்கத்துப் புல்மேடுகளை விட்டால் இலங்கையில் அதிகம் காணக் கிடைக்காத புள்ளிக் கௌதாரி. வேலைக்கு ஆள் கூப்பிடும் பிரட்டுத் தப்புக்கு முன்னால் எங்களை எழுப்பியது அதுதான்.

ராத்திரியில் யாரோ வைத்த தீ, சிவப்புக் கோடாக நமுனுகுல மலைப் பக்கம் ஏறும். "ஏ புள்ள, தீயி மேலுக்கு ஏறுது, மாட்டப் புடிச்சு உள்ள கட்டு!" அப்பாயியின் குரல். அதட்டலா, பயமா, இன்னும் பிரித்தெடுக்க முடியவில்லை.

1964 இந்திய-இலங்கை ஒப்பந்தம் தோட்டத்துத் தமிழர்களான எங்களைத் தலை எண்ணிப் பிரித்தது. 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் அங்கேயே, மீதி 1,50,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று ஒதுக்கிவைத்தது. பதுளையில் ரயிலேறி, தலைமன்னாரில் கப்பலேறி வந்தோம். கூடலூரிலும் கொடைக்கானலிலும் போய் இறங்கியவர்களே, உங்கள் லய வீடுகளுக்கு மேலேயும் ஒரு பத்தனை இருந்திருக்கும்.

நீலகிரியிலும் புல்மேடு பரந்து கிடந்ததாம். கற்பூர மரமும் சீகையும் ஏறிவிட்டன. எங்கள் பதுளைப் பத்தனையில் பைன். மொட்டை மலை என்று நினைத்து நட்டார்கள். மொட்டையாம்!

போன வாரம் அங்கிருக்கும் தங்கச்சியிடம் போனில் கேட்டேன், கௌதாரி கத்துதா என்று.

"காட்டுக்கோழியச் சொல்றியாக்கா?" என்றாள்.