நீர் எழுதிய சரித்திரம்

கடனா நதி பாயும் ஆழ்வார்குறிச்சியில் வளர்ந்தவன் நான். அந்நதி தாமிரபரணியில் கலக்கிறது. தாமிரபரணிக் கரையிலே, கிழக்கே, ஆதிச்சநல்லூர் இருக்கிறது. அங்கே 2004-05இல் அகழ்ந்தெடுத்த முதுமக்கள் தாழிகளைப் பற்றிப் படித்தபோது, அம்மக்கள் எந்த நீரைக் குடித்தார்கள், எந்த நோயால் வருந்தினார்கள் என்ற வினாவே என் நெஞ்சில் எழுந்தது. அரசர் பெயர் கல்லில் நிற்கும். குடிமக்களின் நோவு எங்கே நிற்கும்?

உடலிலேயே நிற்கும் என்பதற்கு எகிப்து சான்று தருகிறது. 1975இல் இங்கிலாந்திலுள்ள மான்செஸ்டரில் பண்டை எகிப்தியச் சடலம் ஒன்றைப் பிரித்து ஆராய்ந்தனர். 13 அல்லது 14 வயதுச் சிறுமி. அவளுடைய வயிற்றுச் சுவரில் சுண்ணாம்பாய் இறுகிக் கிடந்தது ஒரு புழு. நம் முன்னோர் 'நரம்புச் சிலந்தி' என்றழைத்த அதே புழு! அவள் பெயரை எவரும் அறியார். அவள் குடித்த நீரின் குணத்தை உலகம் அறிந்துகொண்டது.

படியிறங்கி மொள்ளும் கிணறுகளிலும் குளங்களிலும் கடுகினும் சிறிய நீர்ப்பூச்சிகள் உண்டு. இப்புழுவின் குஞ்சுகள் அவற்றினுள் வளரும். அந்நீரைப் பருகியவருக்கு ஏறக்குறைய ஓராண்டு கழித்துக் காலில் கொப்புளம் எழும். ஒரு மீட்டர் வரை நீண்ட பெண்புழு அதன் வழியே தலைநீட்டும். எரிச்சல் தாளாமல் நீரில் கால் வைத்தால், ஆயிரமாயிரம் குஞ்சுகளை அது அங்கே விடும். 1037இல் மறைந்த மருத்துவ மேதை இப்னு சீனா, மதீனாவின் பெயரோடு இந்நோயைச் சேர்த்துத் தம் 'கானூன்' நூலில் விளக்கியுள்ளார். அறுந்துவிடாதபடி புழுவைச் சிறிது சிறிதாகச் சுற்றி இழுப்பதே அன்றைய வழி. இன்றும் இதற்கு வேறு மருந்தில்லை.

மருந்தில்லா நோயை நம் நாடு வென்றது எங்ஙனம்? படிக்கிணறுகளை மாற்றியும், கைப்பம்புகள் நிறுவியும், நீரைத் துணியில் வடிகட்டக் கற்பித்தும் வென்றது. கடைசி நோயாளி 1996இல் ராஜஸ்தானில் காணப்பட்டார். 2000இல் உலகச் சுகாதார நிறுவனம் இந்தியாவுக்குச் சான்றளித்தது. 1986இல் உலகெங்கும் சுமார் 35 லட்சம் பேரை வருத்திய நோய், 2023இல் 14 பேரிடம் மட்டுமே காணப்பட்டது.

என் உம்மா பள்ளிக்கூடம் கண்டவரல்லர். ஆயினும் பழைய வேட்டித் துணியை மடித்துக் குடத்தின் வாயில் கட்டாமல் ஒருநாளும் தண்ணீர் ஊற்றியதில்லை. "கண்ணுக்குத் தெரியாதது எவ்வளவோ கெடக்கும்லா" என்பார். விஞ்ஞானம் ஊர் ஊராய்ச் சென்று சொன்னதும் அதுதானே!

இவ்வெற்றிக்கு நினைவுத்தூண் தேவையில்லை. பல நூற்றாண்டுகள் கழித்து நம் எலும்புகளை ஆராய்பவர் அந்தச் சுண்ணாம்புக் கீற்றைத் தேடிக் காணமாட்டார். அந்த இன்மையே நம் காலத்து எளிய மனிதர் எழுதிச் செல்லும் கல்வெட்டு.