தென்னமரம் போகும் வழி

கோலசிலாங்கூர் என்றதும் நம் குடும்பங்களுக்கு நினைவு வருவது மலாவத்தி குன்றின் குரங்குகளும், ஆற்றோரக் கடைகளின் மீனும், இருட்டிய பிறகு கம்போங் குவாந்தானில் படகேறிப் பார்க்கும் மின்மினிகளும்தான். நான் பிறந்து வளர்ந்த தோட்டம் அங்கிருந்து உள்ளே தள்ளி, செம்பனைகளுக்கு நடுவே இருக்கிறது. ஆனாலும் அந்த வட்டாரத்தை நான் நிதானமாகச் சுற்றிப் பார்த்தது கல்லூரிக்குப் போன பிறகுதான். அதற்குக் காரணம் ஒரு பாடம்.

அப்போது உயர்கல்விக்கூடங்களில் ‘தித்தாஸ்’ கட்டாயப் பாடம். இஸ்லாமிய நாகரிகம், ஆசிய நாகரிகங்கள் என்பது அதன் விரிவு. பல இன மாணவர்கள் ஒருவரையொருவர் அறிந்துகொள்ள வேண்டும் என்பது நோக்கம். நல்ல நோக்கம்தான். இந்திய நாகரிகம் வந்த வாரம், வகுப்பில் இருந்த ஒரே தமிழ்ப் பெண்ணான என் பக்கம் எல்லாத் தலைகளும் திரும்பின. சிந்துவெளி, வேதங்கள், நான்கு வருணம், அசோகர் என்று பக்கங்கள் நகர்ந்தன. “உங்கள் கலாசாரம்தானே, நீங்களே விளக்குங்களேன்” என்றார் விரிவுரையாளர்.

எனக்குத் தெரிந்தது வேறு. விடியுமுன் பெரட்டுக்கு ஓடிய பாட்டி, அவர் தூக்கிய பால்வாளி, ஆயக்கொட்டகைத் தொட்டில்கள், தோட்டத்து எல்லையில் அரிவாளோடு நிற்கும் முனியாண்டி, மாரியம்மன் திருவிழா. இதில் ஒன்றுகூட அந்த அத்தியாயத்தில் இல்லை. மலாய், சீனத் தோழர்களுக்கு அது அடுத்தவர் கலாசாரம். எனக்கும் அப்படித்தான் இருந்தது. அவர்கள் தேர்வுக்குப் படித்தால் போதும். நான் அதற்குப் பதில் சொல்லவும் வேண்டியிருந்தது.

அந்தப் பாடத்தால் சங்கடப்பட்டது நான் மட்டுமல்ல. 2016 ஜூன் மாதம், மலேசியத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் தித்தாஸ் பாடக்குறிப்பில் இந்துக்களையும் உடல் அழுக்கையும் தொடர்புபடுத்தி எழுதியிருந்தது வெளியே தெரிந்து பெரும் சர்ச்சையானது. அப்போதைய துணைக் கல்வியமைச்சர் பி. கமலநாதன் அதைச் சுட்டிக்காட்ட, பல்கலைக்கழகம் திருத்த ஒப்புக்கொண்டது. 2019-இல் தித்தாஸின் இடத்துக்கு வேறு பாடமும் வந்தது. தவறாக எழுதியதைத் திருத்திவிடலாம். எழுதாமலே விட்டதை என்ன செய்வது?

பருவ விடுமுறையில் ஜெராம் பக்கத்து மலாய்த் தோழி அழைத்தாள். நாங்கள் நால்வர் மலாவத்தி குன்றில் ஏறினோம். அன்று அவள்தான் வழிகாட்டி. சிலாங்கூரின் முதல் மூன்று சுல்தான்களின் அடக்கத்தலத்தைக் காட்டினாள். 1784-இல் டச்சுக்காரர்கள் கோட்டையைப் பிடித்து ஆல்டிங்ஸ்பர்க் என்று பெயர் வைத்ததையும், மறு ஆண்டே சுல்தான் இப்ராகிம் அதை மீட்டதையும் தாத்தா சொன்ன கதையாகச் சொன்னாள். 1907-இல் கட்டிய கலங்கரை விளக்கத்தடியில் உட்கார்ந்து வெகுநேரம் கேட்டுக்கொண்டிருந்தோம்.

மதியம் என் முறை. புக்கிட் ரோத்தானைத் தாண்டி பெஸ்தாரி ஜெயா பக்கம் போனோம். நம் பெரியவர்களுக்கு அது இன்றும் பத்தாங் பெர்ஜுந்தைதான். அங்கே இருக்கிறது தென்னமரம் தோட்டம். 1917-இல் மலாயாவில் முதன்முதலாக வணிக அளவில் செம்பனை நட்ட இடம் இதுதான். நட்டவர் ஹென்றி போக்கோனியே என்ற பிரெஞ்சுக்காரர். மலாயாவை வைத்து அவர் எழுதிய நாவலுக்கு 1930-இல் பிரான்சின் கோங்கூர் பரிசு கிடைத்தது.

“தென்னமரம் என்றால் என்ன?” என்று கேட்டான் சீனத் தோழன். “பொக்கோ கெலாப்பா” என்றேன். “செம்பனைத் தோட்டத்துக்குத் தென்னை என்று பெயரா? யார் வைத்தது?” என்று சிரித்தான். சிரிப்பு அடங்கியதும் வேறு கேள்விகள் வந்தன. இவ்வளவு தமிழர்கள் இங்கே எப்படி வந்தார்கள்? யார் கூட்டி வந்தது? கங்காணி முறையைச் சொன்னேன். கப்பலையும், 1938-இல் இந்திய அரசு ஆள் அனுப்புவதை நிறுத்தியதையும், லயத்து வீட்டில் எங்கள் பாட்டி ஆறு பிள்ளைகளை வளர்த்ததையும் சொன்னேன். “இது ஏன் நம் புத்தகத்தில் இல்லை?” என்றாள் தோழி. வகுப்பில் வராத பேச்சு, செம்பனை நிழலில் ஒரு மணி நேரம் ஓடியது.

இன்று இந்த வட்டாரத் தோட்டங்களில் வெளிநாட்டுத் தொழிலாளர்கள்தான் அதிகம். நம்மவர்கள் கிள்ளானுக்கும் பூச்சோங்குக்கும் குடிபெயர்ந்துவிட்டார்கள். லயங்கள் இடிந்த இடங்களிலும் கோயில் நிற்கிறது, விளக்கேற்ற ஞாயிறுதோறும் யாராவது காரில் வருகிறார்கள். அடுக்குமாடியில் வளரும் நம் பிள்ளைகளும் நாளை அப்படி ஒரு வகுப்பில் உட்காருவார்கள், எல்லாத் தலைகளும் அவர்கள் பக்கமும் திரும்பும். அப்போது சொல்வதற்கு எனக்கிருந்த பாட்டியின் கதைகூட அவர்களிடம் இருக்குமா?

அடுத்த முறை மின்மினி பார்க்கப் போகும்போது காலையிலேயே கிளம்புங்கள். முதலில் மலாவத்தி ஏறி அந்தக் கதையைக் கேளுங்கள். பிறகு உங்கள் குடும்பம் பால் வெட்டிய தோட்டத்துக்குப் போங்கள். தனியார் நிலம் என்பதால் அலுவலகத்தில் சொல்லிவிட்டு உள்ளே செல்லுங்கள். வீட்டில் பெரியவர்கள் இருந்தால் முன்சீட்டில் உட்கார வையுங்கள், வழி அவர்களுக்குத்தான் தெரியும். பிள்ளைகளின் மலாய், சீன நண்பர்களுக்கும் வண்டியில் இடம் இருக்கட்டும்.