கடற்பஞ்சுத் தீவு

தபாலாபீஸில் ஸ்டாம்பு நனைப்பதற்காகச் சிறு கிண்ணத்தில் வைத்திருக்கும் பஞ்சு போன்ற வஸ்துவைப் பற்றி நேயர்கள் என்றேனும் யோசித்ததுண்டா? "அதில் யோசிக்க என்ன இருக்கிறது?" என்றுதான் நாமும் நினைத்திருந்தோம். இப்போது அந்தக் கிண்ணத்தில் இருப்பது பெரும்பாலும் தொழிற்சாலையில் செய்த செயற்கைப் பஞ்சு. ஆனால் அதற்கு ஸ்பாஞ்சு என்ற பெயரையும் உருவத்தையும் கொடுத்தது சமுத்திரத்தின் அடியில் வாழும் ஒரு பிராணி. அந்தப் பிராணியை எடுப்பதையே தலைமுறை தலைமுறையாகத் தொழிலாகக் கொண்டிருந்த ஒரு தீவுக்குப் போய் வந்த பிறகு, கிண்ணத்துப் பஞ்சைத் தொடும்போதெல்லாம் நம் விரல் சற்றுத் தயங்குகிறது.

ஏஜியன் கடலில், துருக்கிக் கரைக்கு வெகு சமீபத்தில், கிரேக்க தேசத்தைச் சேர்ந்த கோஸ் என்ற தீவு இருக்கிறது. மேனாட்டார் வைத்தியத்தின் தந்தை என்று போற்றும் ஹிப்பாக்ரட்டீஸ் பிறந்த இடம் அதுவே. அங்கே படகேறினால் ஒரு மணி நேரத்துக்குள் கலிம்னோஸ் தீவை அடையலாம். தூரத்திலிருந்து பார்க்கும்போது மொட்டைப் பாறைகள்தாம் தெரிகின்றன. படகு நெருங்க நெருங்க, போத்தியா துறைமுகத்தின் வெள்ளையும் நீலமுமான வீடுகள் மலைச்சரிவில் படிப்படியாக ஏறி நிற்பது புலப்படுகிறது. உழுது பிழைக்கப் போதிய நிலமில்லாத ஊர். ஆகையால் இவ்வூரார் கடலை உழுதார்கள்.

துறைமுகத்துக்கு அருகே ஒரு பழைய பண்டசாலைக்குள் நுழைந்தோம். கூரை வரையில் கடற்பஞ்சு குவிந்து கிடந்தது. அதன் சொந்தக்காரர் எழுபது வயதைத் தாண்டிய பெரியவர். அரைகுறை ஆங்கிலத்தில் நம்மை வரவேற்று, கறுப்பாக, பிசுபிசுப்பாக இருந்த ஒரு கட்டியை எடுத்துக் காட்டினார். "கடலிலிருந்து வரும்போது இப்படித்தான் இருக்கும்" என்றார். அதைக் காலால் மிதித்து, உள்ளிருக்கும் பால் போன்ற திரவத்தையும் மேல் தோலையும் போக்கி, கடல் நீரில் அலசி, அடித்துக் கழுவி உலர்த்துகிறார்கள். எஞ்சி நிற்பது பிராணியின் எலும்புக்கூடு. நாம் கையில் பிடித்து மெத்தென்று இருக்கிறதே என்று மகிழ்வது அதைத்தான்!

"பொன்னிறப் பஞ்சைத்தான் எல்லோரும் கேட்கிறார்கள், அது மருந்தில் போட்டு வெளுத்தது. பழுப்பாக இருப்பதுதான் நீண்ட நாள் உழைக்கும்" என்று பெரியவர் வியாபார ரகசியத்தையும் வெளியிட்டார்.

இதைத் தாவரம் என்பதா, பிராணி என்பதா என்று பண்டிதர்கள் வெகுகாலம் தடுமாறினார்கள். 1825-ஆம் வருஷத்தில் ராபர்ட் கிராண்ட் என்ற ஸ்காட்லாந்துக்காரர், உயிருள்ள பஞ்சின் பெரிய துவாரத்திலிருந்து நீர் இடைவிடாமல் பீறிட்டு வெளிவருவதைக் கண்டார். சிறு துவாரங்களின் வழியே கடல் நீரை இழுத்து, அதில் மிதக்கும் நுண்ணிய உணவை வடிகட்டிக்கொண்டு, மீதி நீரை வெளியேற்றுவதே இதன் வாழ்க்கை. இதயமில்லை, மூளையில்லை, வயிறுமில்லை. 1907-இல் வில்ஸன் என்ற அமெரிக்கர் உயிருள்ள பஞ்சைச் சல்லடைத் துணியில் இட்டுப் பிழிந்தார். தனித்தனியாகச் சிதறிய உயிரணுக்கள் ஒன்றையொன்று தேடிச் சேர்ந்து மறுபடியும் பஞ்சாயின. இத்தனை எளிய ஜீவனுக்கு இத்தனை உறுதி!

இதை எடுக்கப்போன மனிதனுக்கு அந்த வரம் கிடைக்கவில்லை.

ஆதியில் கலிம்னோஸ் வீரர்கள் பன்னிரண்டு பதினைந்து கிலோ எடையுள்ள தட்டையான கல்லைக் கைகளில் பிடித்துக்கொண்டு, மூச்சை அடக்கிக் கடலில் பாய்வார்கள். கல்லில் கட்டிய கயிற்றை மேலே படகிலிருப்பவர் பிடித்திருப்பார். இதைக் கேட்டதும் நமக்குத் தூத்துக்குடியின் நினைவு வந்தது. கல்லின் கயிற்றில் காலை மாட்டிக்கொண்டு முத்துச் சிப்பிக்காக இறங்கிய நம் பரதவர்களின் முறையும் ஏறக்குறைய இதுவேயல்லவா? ஒரு மூச்சுக்கு எவ்வளவு முடியுமோ அவ்வளவுதான் எடுக்கலாம். பேராசைக்கு அங்கே இடமில்லை.

1860-க்குப் பின் தலைக்கவசமும் காற்றுக் குழாயும் கொண்ட ரப்பர் உடை இத்தீவுகளுக்கு வந்தது. அதை அணிந்தவர் அறுபது எழுபது மீட்டர் ஆழத்திலும் நடமாடலாம். செல்வம் குவிந்தது, மாளிகைகள் எழுந்தன. ஆனால் மேலே வந்த வீரர்கள் படகின் தளத்திலேயே துடித்து விழத் தொடங்கினார்கள். சிலர் மாண்டனர், சிலருக்கு இடுப்புக்குக் கீழே உணர்வற்றுப் போயிற்று.

காரணம் இதுதான். ஆழத்தில் அழுத்தம் அதிகம். அங்கே சுவாசிக்கும் காற்றிலுள்ள நைட்ரஜன் இரத்தத்தில் கரைந்துவிடுகிறது. அவசரமாக மேலே வந்தால், கோலி சோடாப் புட்டியைத் திறந்ததும் பொங்குகிறதே, அதுபோல் உடம்புக்குள்ளேயே குமிழிகள் கிளம்பிவிடுகின்றன. 1878-இல் பால் பெர் என்ற பிரெஞ்சு விஞ்ஞானி இதை விளக்கிவிட்டார். 1908-இல் ஹால்டேன் என்ற ஸ்காட்லாந்து நிபுணர், எவ்வளவு ஆழத்திலிருந்து எங்கெங்கே நின்று, எத்தனை நிமிஷம் பொறுத்து ஏறவேண்டும் என்று அட்டவணையே போட்டுக் கொடுத்தார்.

ஆனால் அட்டவணையைப் பார்த்து நிதானிக்கப் படகுக்கு நேரமேது? ஈஸ்டர் பண்டிகை கழிந்ததும் ஆப்பிரிக்கக் கரைக்குப் புறப்படும் படகுகள் இலையுதிர் காலத்தில்தான் திரும்பும். புறப்படும்போதே வீரர்கள் பெரிய தொகையை முன்பணமாக வாங்கிக் குடும்பத்துக்குக் கொடுத்திருப்பார்கள். அந்தக் கடன் தீரும் வரையில் பஞ்சு எடுத்தாக வேண்டும். 1886 முதல் 1910 வரையில் இப்பகுதிக் கடல்களில் பத்தாயிரம் பேர் மாண்டார்கள், இருபதாயிரம் பேர் முடமானார்கள் என்று ஒரு மதிப்பீடு உண்டு. இதில் பாதியை நம்பினாலும் நெஞ்சு நடுங்குகிறது.

அன்றிரவு ஒரு விருந்தில் "மிஹானிகோஸ்" என்ற நடனம் ஆடினார்கள். இளைஞர்கள் கைகோத்து வரிசையாக ஆடிவர, முதலில் நின்றவன் மட்டும் ஒரு கோலை ஊன்றிக்கொண்டு, கால்கள் வெடவெடவென்று நடுங்கத் தடுமாறினான். விழப்போகிறானே என்று நாம் பதறி எழுந்துவிட்டோம். பக்கத்திலிருந்தவர் மெல்ல நம் கையைப் பற்றி உட்காரவைத்தார். "அவன் நன்றாகத்தான் இருக்கிறான். ஆடுவது என் பாட்டனாரின் நடை" என்றார். கடைசியில் அந்த இளைஞன் கோலை விட்டெறிந்து நிமிர்ந்து ஆடியபோது கூட்டம் ஆரவாரித்தது. நாமும் கைதட்டினோம், கண் மட்டும் கலங்கியிருந்தது.

இப்போது தொழில் பெரும்பாலும் நின்றுபோயிற்று. செயற்கைப் பஞ்சு சந்தையைப் பிடித்துக்கொண்டது. 1986-இல் ஒரு நோய் பரவி மத்தியதரைக் கடலின் பஞ்சுகளை அழித்தது. கதை இத்துடன் முடிந்ததென்று எண்ணினால் தவறு. அது வேறொரு கரையில் தொடர்கிறது.

1905-ஐ ஒட்டி இத்தீவுகளின் வீரர்கள் பலர் அமெரிக்காவின் பிளாரிடாவுக்குக் குடியேறி அங்கும் பஞ்சு எடுக்கலானார்கள். அதே பிளாரிடாக் கடலில் கிடைத்த, சந்தையில் விலைபோகாத ஒருவகைப் பஞ்சை ஆராய்ந்த பெர்க்மன் என்ற ரசாயன நிபுணர், 1951-இல் அதிலிருந்த சில புதுமையான பொருள்களைப் பற்றி வெளியிட்டார். உயிரணுக்கள் தம் மரபுப் பொருளைக் கட்டுவதற்கு உபயோகிக்கும் செங்கற்களைப் போலவே அவை இருந்தன. ஒரு சிறு வித்தியாசம் மட்டும் உண்டு. அந்தப் போலிச் செங்கல்லின் மாதிரியில் ரசாயன சாலையிலேயே செய்த மருந்துதான் சைட்டாரபின். புற்றுநோய் அணு ஏமாந்து அதை எடுத்துவைத்தால் கட்டடம் நின்றுபோகும். 1969 முதல் இரத்தப் புற்றுநோய்க்கு வழங்கும் இம்மருந்தை நம் நாட்டு மருத்துவமனைகளிலும் குழந்தைகளுக்கும் பெரியவர்களுக்கும் கொடுத்து வருகிறார்கள்.

ஜப்பானியக் கடற்பஞ்சு ஒன்றிலிருந்து 1986-இல் ஹாலிகோண்ட்ரின் என்ற பொருளைப் பிரித்தார்கள். நியூஸீலந்தில் கிடைத்த மற்றொரு வகையில் அதே பொருளை எடுத்தபோது, ஒரு டன் பஞ்சுக்கு ஏறத்தாழ 300 மில்லிகிராம்தான் கிடைத்தது. அப்படியே எடுத்துக்கொண்டிருந்தால் கடலைத் துடைத்தாலும் போதாது. ஆகவே அதன் அமைப்பைக் கற்று, வேண்டிய பகுதியை மட்டும் மனிதர்களே செய்தார்கள். 2010 முதல் மார்பகப் புற்றுநோய்க்கு அமெரிக்காவில் அனுமதி பெற்ற எரிபுலின் அவ்வாறு பிறந்ததே. பண்டசாலையில் நாம் கண்ட அந்த எலும்புக்கூட்டின் வலைப்பின்னலில் மனித எலும்பின் அணுக்களை ஒட்டி வளரச் செய்யும் பரிசோதனைகளும் நடந்திருக்கின்றன.

கடலிடம் பொருளை மட்டும் கேட்ட காலத்தில் அது மனிதனின் கால்களை விலையாக வாங்கிக்கொண்டது. பாடத்தைக் கேட்டபோது மருந்தைக் கொடுத்தது. பாடத்தைக் கற்பதற்கும் பொறுமை வேண்டும். ஹால்டேனின் அட்டவணையும் வேறெதைச் சொல்லிற்று?

புறப்படும்போது பெரியவரிடம் பழுப்புப் பஞ்சு ஒன்று வாங்கினோம். பேரம் பேச மனம் வரவில்லை. படகு மறுபடியும் ஹிப்பாக்ரட்டீஸின் தீவை நோக்கித் திரும்பிற்று. வீட்டில் குழந்தைகள் அதைத் தண்ணீரில் போட்டுப் பெரிதாவதைக் கண்டு கைகொட்டிச் சிரித்தார்கள். இதை எடுத்தவர் யார் என்று அவர்கள் கேட்டார்கள். அந்தக் கேள்விக்குப் பதிலாகத்தான் இக்கட்டுரையை எழுதினோம்.