நிறம் குறைவு

“பெண் நல்ல பெண், குடும்பமும் நல்ல குடும்பம், நிறந்தான் சற்றுக் குறைவு.”

மூன்று ஆண்டுகளுக்கு முன்னர் என் அக்காவைப் பெண்பார்த்துச் சென்றோர் தரகர் வாயிலாகச் சொல்லியனுப்பிய விடை இது. எங்கள் ஊர் உடப்பு. புத்தளம் மாவட்டத்தின் கரையோரத்திலே, கடலுக்கும் முந்தல் களப்புக்கும் இடையே, கரைவலைத் தொழிலாலும் அம்பாப் பாடல்களாலும் அறியப்பட்ட ஊர் அது. அப்பா கரைவலை இழுப்பவர், நன்கு கறுத்தவர். அம்மா மாநிறத்தவர். அக்கா அப்பாவைக் கொண்டு பிறந்தாள். நான் அம்மாவைக் கொண்டு பிறந்தேன். ஒரே வயிற்றிற் பிறந்த இருவருக்கு இரு நிறம் எவ்வாறு வாய்த்தது? கலைப்பீட மாணவனாகிய நான் விஞ்ஞான நூல்களைத் தேடிப் படிக்க நேர்ந்தமைக்கு இக்கேள்வியே காரணமாயிற்று.

எங்கள் ஆச்சியிடம் இதற்கு எளிய விடை ஒன்று இருந்தது. “வெயில்ல நிக்காத புள்ள, கறுத்துப் போவ” என்று அக்காவை நாள்தோறும் கண்டிப்பார். நிறத்துக்கு ஞாயிறே காரணம் என்னும் ஆச்சியின் கருத்துப் புதிதன்று. 1344ஆம் ஆண்டில் மொரோக்கோ நாட்டுப் பயணியான இபுனு பதூதா புத்தளத்தில் வந்திறங்கி ஆரியச் சக்கரவர்த்தியைக் கண்டார் என்பதை வரலாற்று மாணவர் அறிவர். அவர் காலத்திலேயே வட ஆபிரிக்காவில் வாழ்ந்த அறிஞர் இபுனு கல்தூன், கறுப்பு நிறம் ஒரு சாபத்தின் விளைவு என்ற கதையை மறுத்து, வெப்பமான சுவாத்தியமே அதற்குக் காரணம் என எழுதினார். ஆச்சியும் இபுனு கல்தூனும் பாதி உண்மையைக் கண்டவர்கள்.

மறுபாதி யாது? அப்பா சட்டையின்றிக் கடற்கரையில் நிற்பவர். அவருடைய முதுகைவிடக் கையின் உட்புறம் வெளிறியிருக்கும். அவ்வேறுபாடு வெயில் தந்தது. அதனை அவர் பிள்ளைகளுக்குக் கொடுக்க இயலாது. ஆனால் கையின் உட்புறத்திலும் எஞ்சி நிற்கும் நிறம் மூதாதையர் தந்தது. தோலிலே மெலனின் என்னும் கருநிறமியை ஆக்கும் கலங்கள் உண்டு. வியப்புக்குரிய செய்தி யாதெனில், அக்கலங்களின் எண்ணிக்கை கறுத்தவரிடத்தும் வெளுத்தவரிடத்தும் பெரும்பாலும் ஒன்றேயாகும். அவை ஆக்கும் நிறமியின் அளவும் வகையும், அந்நிறமி தோலிற் பரவும் முறையுமே வேறுபடுகின்றன.

அவ்வேறுபாடு ஏன் எழுந்தது? ஞாயிற்றின் கழியூதாக் கதிர்கள் உடலிலுள்ள போலேற்று என்னும் விற்றமினைச் சிதைக்க வல்லன. கருவிலுள்ள குழந்தையின் மூளையும் முள்ளந்தண்டும் செவ்வனே உருவாவதற்கு அது இன்றியமையாதது. ஆகவே வெயில் மிகுந்த நிலங்களிற் கருநிறமி ஒரு குடையாக நின்று காத்தது. வெயில் குறைந்த வடபுலங்களிலோ, விற்றமின் டி உடலில் உண்டாவதற்கு அதே கதிர்கள் தோலினுள் நுழைதல் வேண்டும்; அங்கே அக்குடை தடையாயிற்று. பல்லாயிரம் ஆண்டுகளாக இவ்விரு தேவைகளும் எதிரெதிரே இழுத்தமையால் மனித நிறங்கள் படிப்படியாக வேறுபட்டன என நினா ஜப்லொன்ஸ்கியும் ஜோர்ஜ் சப்ளினும் 2000ஆம் ஆண்டில் விளக்கினர். புத்தளம் நிலநடுக்கோட்டிலிருந்து ஏறத்தாழ 8 பாகை வடக்கே உள்ளது. அங்கே கருமை குறையன்று, காப்பு.

இனி, ஒரே வீட்டில் இரு நிறம் தோன்றிய கேள்விக்கு வருவோம். மீனவர் வீட்டுப் பிள்ளையாகிய எனக்கு விடை ஒரு மீனிலிருந்தே கிடைத்தது. தென்னாசிய நன்னீர் நிலைகளில் வாழும் வரிக்குதிரை மீனிலே, கோடுகள் மங்கிப் பொன்னிறமாய்த் தோன்றும் வகை ஒன்றுண்டு. அம்மங்கலுக்குக் காரணமான பரம்பரையலகை அமெரிக்க ஆய்வாளர் 2005ஆம் ஆண்டில் இனங்கண்டனர். மனிதரிடமுள்ள அதே அலகின் செய்தியை அம்மீனின் முளையத்துள் அவர்கள் செலுத்தியபோது கோடுகள் மீண்டும் கறுத்தன. அவ்வலகின் வெளிறிய வடிவம் ஐரோப்பியர் ஏறத்தாழ எல்லோரிடத்தும் உண்டு. தென்னாசியரிடத்தும் பரவலாக உண்டு. சிலர் அதனை இரு பெற்றோரிடமிருந்தும் பெறுவர்; சிலர் ஒருவரிடமிருந்து மட்டும் பெறுவர்; சிலர் பெறவே மாட்டார். இத்தகைய அலகுகள் பல சேர்ந்தே நிறத்தை வகுக்கின்றன. அவை குலுக்கிப் பகிரப்படும்போது தமக்கைக்கு ஒரு பங்கும் தம்பிக்கு வேறொரு பங்கும் கிடைக்கின்றன. இதில் அக்கா செய்த பிழை யாது? நான் செய்த புண்ணியந்தான் யாது?

ஈண்டு என் பிழை ஒன்றைச் சொல்லாமற் செல்வது நேர்மையன்று. பள்ளி நாட்களில் மாணவர் சிலர் அக்காவைக் “காப்பிரி” என்று கூவியழைப்பர். ஒருநாள் அவர்களோடு சேர்ந்து நானும் சிரித்தேன். அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள், ஒன்றும் சொல்லவில்லை.

பல ஆண்டுகளின் பின், பல்கலைக்கழக விடுமுறையொன்றில், நண்பரொருவருடன் புத்தளம் நகருக்கு அண்மையிலுள்ள சிரம்பியடிக்குச் சென்றேன். போர்த்துக்கேயரும் ஒல்லாந்தரும் பிரித்தானியரும் போர்வீரராகவும் அடிமைகளாகவும் ஆபிரிக்காவிலிருந்து இலங்கைக்குக் கொணர்ந்த மக்களின் வழித்தோன்றல்கள் அங்கே வாழ்கின்றனர். இன்று அவர்கள் பேசுவது சிங்களம். ஆயினும் அவர்களுடைய மஞ்சாப் பாடல்களிற் போர்த்துக்கேயக் கலப்புமொழி இன்னும் ஒலிக்கிறது. தலைமுறைதோறும் அயலாருடன் மணவுறவு கொண்டமையால், ஒரே முற்றத்தில் விளையாடிய பிள்ளைகளிடையே பல நிறங்களைக் கண்டேன். முதிய பெண்ணொருவர், “நாங்கள் காப்பிரிகள்” என்று இயல்பாக, தம் ஊர்ப்பெயரைச் சொல்வதுபோற் சொன்னார். நாங்கள் வசையாக வீசிய சொல் ஒரு மக்களின் பெயராக இருந்தது. அக்காவை மட்டுமன்றி, அறியாத ஒரு சமூகம் முழுவதையும் அச்சிரிப்பு இழிவுபடுத்தியதென அன்றுதான் உணர்ந்தேன்.

எங்கள் ஊர்க் கோயிலில் வீற்றிருப்பவள் திரௌபதை அம்மன். கிருஷ்ணை, அதாவது கரியவள், என்பது பாரதம் அவளுக்குத் தரும் பெயர். அவளுடன் உறையும் பார்த்தசாரதியும் கரியவனே. அவர்கள் சந்நிதியில் ஆண்டுதோறும் தீமிதிக்கும் மக்களே, வீட்டுக்கு மருமகள் தேடும்போது வெண்மையை வேண்டுகின்றனர். சந்தையில் விற்கும் வெண்மைக் களிம்புகள் சிலவற்றிற் பாதரசம் உண்டு என்பதையும் அது சிறுநீரகத்தைத் தாக்கும் என்பதையும் அறிந்த பின்னர், அக்காவின் அலுமாரியிலிருந்த ஒன்றை நானே எடுத்து எறிந்தேன்.

தரகர் சொன்ன சொல்லை இன்று மீண்டும் எண்ணிப் பார்க்கின்றேன். நிறமியை அளந்து பார்த்தால் அக்காவிடம் உள்ளது மிகுதி. என்னிடம் உள்ளதே குறைவு. இவ்விளக்கம் அவளுக்கு மணமகனைத் தேடித் தராது என்பதை அறிவேன். ஆயினும் கடந்த விடுமுறையில் இவற்றையெல்லாம் அவளுக்குச் சொல்லி, அந்தப் பழைய சிரிப்புக்காக மன்னிப்புக் கேட்டேன். “அதையெல்லாம் எப்பவோ மறந்திட்டேன்டா” என்றாள். எந்த நாள், எந்த மரத்தடி என்று நான் சொல்லாமலே அவள் சொன்னாள்.